வெள்ளியில் பெய்யும் மழை

பிள்ளைகளே, நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்ததில் பாதிக்கு மேல் மறந்துபோயிற்று. வெள்ளிக் கிரகத்தைப் பற்றிய பாடம் மட்டும் இன்னமும் அப்படியே இருக்கிறது.

ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டில் அதைக் கிரகம் என்று யாரும் சொல்வதில்லை. விடியப்புறம் கிழக்கே காலிக்கிற, அதாவது எழும்புகிற, விடிவெள்ளி அது. "வெள்ளி காலிச்சிட்டுது" என்று சொல்லிக்கொண்டுதான் அப்பா வள்ளத்தடிக்குப் போவார். ஒரு மாரியில் அப்படிப் போனவர் திரும்பி வரவில்லை. வள்ளம் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. அப்பா ஒதுங்கவில்லை. தேடிக் கடலுக்குப் போனவர்களும் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வந்து போனார்கள்.

தங்கச்சி பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. அப்பா எங்கே, எப்போது வருவார் என்று அரித்தெடுத்தாள். கோயில் மன்றாட்டில் மாதாவை விடியற்காலத்து நட்சத்திரம் என்றுதான் கூப்பிடுவோம். அது அம்மாவுக்குக் கைகொடுத்தது. அப்பா மாதாவோடு வெள்ளியில் நிற்கிறார் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு தங்கச்சி விடிய எழும்பி, மூக்கு வழிய வழியக் கிழக்கே பார்த்துக் கை காட்டுவாள். நானும் காட்டினேன். நம்பினீர்களா என்று நீங்கள் கேட்டால், அப்பாவை வைக்க எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

அம்மா அழுது நான் அதிகம் பார்க்கவில்லை. ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்திருந்தது. அப்பாவின் நீலச் சேட்டு ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்து, ஊத்தை இல்லாவிட்டாலும் தோய்த்துக் கொடியில் போடுவார். மழை இருட்டினால் ஓடிப்போய் அதைத்தான் முதலில் எடுப்பார். பக்கத்தில் தொங்கும் எங்கள் உடுப்புத் தெப்பமாக நனையும். ஈரச் சட்டையோடு பள்ளிக்கூடம் போகிற நாளில் எனக்குக் கோபம் வரும்.

ஆறாம் வகுப்பில் விஞ்ஞான ரீச்சர் கிரகங்களைப் படிப்பித்தார். வெள்ளியை ஓரிடம் விடாமல் முகில் மூடியிருக்கிறதாம். நம்முடைய முகிலைப் போலத் தண்ணீர் முகில் இல்லை, கந்தக அமிலத் துளிகளால் ஆன முகில். கந்தக வாயு மேலே போய், வெயில் பட்டு, அங்கே இருக்கிற சொற்ப நீராவியோடு சேர்ந்து அமிலமாகிறது. கீழே காற்று முழுக்கக் காபனீரொட்சைட்டு, நாம் மூச்சில் வெளியே விடுகிற வாயு. அது போர்வை மாதிரிச் சூட்டை வெளியே விடாது. அந்தச் சூட்டில் ஈயம்கூட உருகிவிடும் என்றார்.

மற்றப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை. வள்ளத்து லைற்றுக்கு வைத்திருந்த பற்றறியில் இருந்தது அந்த அமிலம்தான். ஒரு துளி சிந்தி அப்பா உடுத்திருந்த சாரத்தில் ஓட்டை விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஈயமும் எனக்குத் தெரியும். வலைக்குக் குண்டு வார்க்க அப்பா அதைப் பழைய தகர ரின்னில் போட்டு அடுப்பில் உருக்கும்போது என்னைக் குசினி வாசலுக்கே விடமாட்டார்.

எழும்பி, அந்த முகிலிலிருந்து மழை பெய்யுமோ என்று கேட்டேன்.

"ஏன், குடை பிடிச்சுக்கொண்டு போகப் போறியோ?" என்றான் கடைசி வரிசை வாங்கில் இருந்தவன். வகுப்பு சிரித்தது. ரீச்சர் சிரிக்காமல் பதில் சொன்னார்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தார். அமிலம், சூடு, ஈயம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "அங்கை ஒருத்தரும் இருக்க ஏலாதம்மா" என்று முடித்தேன். ரீச்சர் சொன்னது பிழை என்று அம்மா சொல்லவேண்டும், அல்லது அப்பாவுக்கு வேறொரு இடம் சொல்லவேண்டும். அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவின் கை நின்றுபோயிற்று. "தங்கச்சியிட்டைச் சொல்லிப்போடாதை" என்றார். பிறகு, "மழை பெய்யுமாமோ அங்கை?" என்று கேட்டார்.

"பெய்யுமாம். ஆனா சூட்டிலை பாதி வழியிலேயே ஆவியாப் போயிடுமாம். ஒரு துளியும் நிலத்திலை விழாதாம். கீழை எல்லாம் காய்ஞ்சுதான் கிடக்குமாம்."

அம்மா ஒரு கருவாட்டை எடுத்து, பிரட்டாமல் அப்படியே வைத்தார்.

"அப்ப அவர் நனையமாட்டார், என்ன" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. அமிலத்தையும் நெருப்பையும் சொன்னால் அம்மா மழையைப் பிடித்துக்கொள்கிறாரே, பாடம் இவருக்கு விளங்கவில்லையே என்று நினைத்தேன். அவ்வளவு நாளும் அம்மாவின் மனதுக்குள் அப்பா எந்தத் தண்ணீருக்குள் கிடந்தார் என்பது எனக்குத்தான் விளங்கவில்லை.

அன்று பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா ஓடிப்போய்க் கொடியிலிருந்து எங்கள் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். நீலச் சேட்டு கொடியிலேயே கிடந்தது. அம்மா மறந்துபோனார் என்று நினைத்து, நான் நனைந்து நனைந்து ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.