முனியராஜின் வலது காது

முனியராஜுக்கு இடது காது கேட்காது. அது எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு கதை சொல்லி அனுப்புவார். மல்லாங்கிணறு மாமன் வீட்டில் கேட்டபோது, காதுக்குள் தேள் புகுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். கல்யாணமான புதிதில் மனைவி குருவம்மாள் கேட்டபோது, "உங்க ஐயா பேசுன பேச்சுல போச்சு" என்றார். அவள் ஒரு வாரம் குழம்பில் உப்பே போடவில்லை.

உண்மை அத்தனை ருசியானதல்ல. வாலிப வயதில் அவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துக் காட்டும் ஆளாக இருந்தார். வடக்கேயிருந்து வரும் வியாபாரிகள் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, இவர் வெயிலில் நின்று ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார். இடது கைக்காரர். ஆகவே வெடிக்குப் பக்கத்தில் இருந்ததும் இடது காதுதான். சீசனுக்குச் சீசன் அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. கடைசியில் ஒரு வெடி போட்ட போட்டில் வியாபாரிகள் நாற்காலியோடு சாய்ந்தார்கள், மரத்துக் காக்கைகள் சாத்தூரில் போய்த்தான் இறங்கின. முனியராஜ் மட்டும் இன்னும் வெடிக்கவில்லையே என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். காக்கைகளை நம்பினாலும் நம்பாவிட்டாலும், மறுநாளே கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது நிஜம்.

மிச்சமிருந்த வலது காதை வைத்துக்கொண்டு அவர் போய்க் கற்றது, யாரும் எதிர்பாராத வேலை. பாட்டுப் பெட்டி ரிப்பேர். சிவகாசியில் ஒரு சந்துக்குள் கடை. ஸ்டீரியோ என்றால் இரண்டு பக்கமும் கேட்டாக வேண்டும். அவர் முதலில் ஒரு ஸ்பீக்கர் முன்னால் போய் வலது காதைக் காட்டுவார். பிறகு நடந்து வந்து அடுத்த ஸ்பீக்கருக்கும் அதே காதைக் காட்டுவார். அந்தக் காது ஏமாந்ததில்லை. ஊரும் அதை நம்பித்தான் பெட்டிகளைக் கொண்டுவந்தது. இடது காதும் சும்மா கிடக்கவில்லை. தூரத்தில் ரைஸ்மில் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல் அதற்குள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த நிலைமையில்தான் காமராஜ் அண்ணாச்சியின் ஆம்ப்ளிஃபையர் வந்து சேர்ந்தது. அண்ணாச்சிக்கு ஊரில் பெரிய அச்சகம். குருவம்மாள் டப்பா ஒட்டுவதும் அங்கேதான். ஆம்ப்ளிஃபையர் அவருடைய அப்பா வாங்கிய ஜப்பான் சாமான். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மூன்றாவது ஆள் அண்ணாச்சி. அவர் தூக்கமாட்டார், பார்த்து பார்த்து என்று சொல்லிக்கொண்டே கூட வருவார்.

கோளாறு பெரிதல்ல. உள்ளே வரும் கரண்டைத் தொட்டி மாதிரித் தேக்கிச் சீராக விடுகிற பெரிய கண்டென்சர்கள் இரண்டும் வயதாகி உப்பியிருந்தன. முனியராஜ் மதுரைக்குப் போய்ப் புதிதாக ஒரு ஜோடி ஜப்பான் கண்டென்சர் வாங்கிவந்தார். போலி நிறைய நடமாடுகிறது என்று அவருக்குத் தெரியும். அதனால் சிவகாசிக்காரர்கள் செய்கிற சோதனையைச் செய்தார். டப்பாவைக் கண்ணருகே வைத்து அச்சைப் பார்த்தார். போலி டப்பாவில் சிவப்பு ஓர் இழை விலகி நீலத்தின் மேல் ஏறியிருக்கும். இதில் ஒரு நிறம்கூட விலகவில்லை. ஒரிஜினல்தான் என்று ஈயம் வைத்துப் பற்றவைத்துப் பெட்டியை மூடினார்.

பாட்டு வந்தது. கூடவே அடியில் ஓர் இரைச்சலும் வந்தது. சத்தத்தைக் கூட்டியதும் தவில் அடிக்கிற இடமெல்லாம் யாரோ போர்வை போட்டு அமுக்கினாற்போல் அமுங்கியது. சுவிட்சை அணைத்தார். அப்போதும் இரைச்சல் நிற்கவில்லை. அது தன்னுடைய ரைஸ்மில்லா, பெட்டியுடையதா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

மறுபடியும் திறந்தார். பழையதை எல்லாம் சந்தேகப்பட்டார். டிரான்சிஸ்டர்களை மாற்றினார், வயர்களை மாற்றினார், வேறு ஸ்பீக்கர் வைத்துப் பார்த்தார். புதிதாகப் போட்ட கண்டென்சரைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. டப்பாதான் அத்தனை சுத்தமாக இருந்ததே. எல்லாம் மாற்றியான பிறகு, மாற்றாத பழைய சாமான் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அவருடைய வலது காது.

அந்த நினைப்பு வந்ததிலிருந்து அவருக்கு உடம்பு கனத்துப்போனது. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் முனியராஜ் காதுக்கு இரவல் ஆள் தேடுகிறார் என்று ஒருவர் வாயில் விழுந்தால் போதும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடும். அதோடு கடையைப் பூட்ட வேண்டியதுதான். எனவே தனியாகவே சோதித்தார். குக்கர் விசில் அடிக்கிறபோது அடுப்படிக்கு வெளியே நின்று பார்த்தார். லோடு லாரி வருகிற தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நின்று ஒரு சைக்கிள்காரரிடம் திட்டு வாங்கினார். திட்டு தெளிவாகத்தான் கேட்டது. அதிலும் நிம்மதி வரவில்லை. கேட்காமல் போனதை எப்படிக் கேட்பது?

அண்ணாச்சி போன் செய்தபோதெல்லாம் பார்ட்ஸ் வரவில்லை என்றார். சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லை.

ஒரு மத்தியானம் குருவம்மாள் தூக்குச்சட்டியோடு கடைக்கு வந்தாள்.

"எம்புட்டு நேரமாக் கூப்பிடுதேன், திரும்ப மாட்டேங்கீக. மிச்ச காதையும் அடகு வச்சிட்டீகளா?"

முனியராஜ் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "ஆமா குருவு. இதுவும் போகுது."

"என்ன போகுது?"

"காதுதான். உள்ள ஒரே இரைச்சல். பாட்டு அமுங்குது."

அவள் சிரிக்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தூக்குச்சட்டியை ஓரமாக வைத்துவிட்டு ஸ்பீக்கர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"போடுங்க அந்தப் பெட்டிய. நான் கேக்கேன்."

போட்டார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"எனக்கும்தான் இரையுது. டப்பாக்குள்ள வண்ட அடைச்ச மாதிரி. அப்ப எனக்கும் காது போச்சா?"

"நெசமாவா?"

"பின்ன, ஒங்க மனசு நோகக்கூடாதுன்னு இரையுதா? உள்ள என்னத்தப் போட்டு வச்சிருக்கீக?"

"எல்லாம் புதுசு. ஒரிஜினல்." டப்பாவை எடுத்து நீட்டினார். "அச்சப் பாரு, ஒரு இழை விலகல."

குருவம்மாள் வாங்கித் திருப்பினாள். மூடியின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து முனியராஜே பயந்துவிட்டார்.

"எப்படி விலகும்? எங்க பிரஸ்ல அடிச்சதாச்சே."

"என்ன சொல்லுத?"

"இந்த ஆர்டருக்கு மடிப்புக் கோடு சரியா விழல. லோடு ஏத்தணும்னு ஒரே அவசரம். நாங்கள்லாம் நகத்தால கீறிக் கீறித்தான் மடிச்சோம். இந்தா பாருங்க கீறல். என் நகமாக்கூட இருக்கும். ஜப்பான்ல எவ நகத்தால கீறிக்கிட்டு இருப்பா?"

முனியராஜ் புதுக் கண்டென்சர் ஒன்றைக் கழற்றி, ரம்பத்தால் அதன் அலுமினிய உடம்பை அறுத்தார். சோடா பாட்டில் தடிமன் உறைக்குள், சுண்டுவிரல் அளவில் ஒரு கண்டென்சர் ஒண்டிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் காகிதம். ஊசி வெடியின் மேல் காகிதத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றி அணுகுண்டு என்று விற்றாற்போல. கண்டென்சர் சின்னதாக இருந்தால் இரையும், சத்தம் கூடினால் அமுங்கும். ரிப்பேர் கற்கப் போன முதல் வாரத்தில் படித்த பாடம் அது.

"பட்டாசுல போட்ட ஏமாத்த இதுலயும் கொண்டாந்துட்டான்" என்றார் மெதுவாக.

"சோத்தச் சாப்பிடுங்க மொதல்ல."

சாப்பிட்டார். அதன் பிறகு, செத்துப்போன ஒரு மைக்செட் பெட்டியிலிருந்து நல்ல கண்டென்சர் ஜோடி ஒன்றைப் பிடுங்கிப் பொருத்தினார். தவில் முழுசாக விழுந்தது. வலப்பக்கம் எந்த இரைச்சலும் இல்லை. அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ தூக்கம்தான். அதே மதுரைக் கடையில் வாங்கிய பார்ட்ஸ் இன்னும் யார் யார் வீட்டுப் பெட்டிகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்ற யோசனை அந்தத் தூக்கத்தையும் கெடுத்தது.

மறுநாள் ஆட்டோவில் ஏற்றிப் போய் அண்ணாச்சி வீட்டு ஹாலில் பொருத்தினார். அண்ணாச்சி செல்போனிலிருந்து நாதஸ்வரம் போட்டுக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"இம்புட்டு நாளு ஆச்சே முனியராஜ். என்னதான் கோளாறு?"

"கண்டென்சர் அண்ணாச்சி. வாங்கிப் போட்டது டூப்ளிகேட்டாப் போச்சு."

"ஏம்ப்பா, இத்தன வருசமாத் தொழில் பாக்க. டப்பாவப் பாத்து வாங்கக் கூடாதா?"

டப்பா அச்சான இடத்தைச் சொல்லிவிடலாம் என்று முனியராஜுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. திங்கட்கிழமை குருவம்மாள் அதே அச்சகத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். அதுவும் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"டப்பா நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி."

அண்ணாச்சி தலையாட்டிச் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினார். முனியராஜ் யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்து, வலது காதை ஸ்பீக்கர் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் தொடங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை.