பதினைந்து இஞ்ச் பெட்டி

நான் பேஸ் கிடார் வாசித்தேன் என்று சொன்னால், அந்தக் காலத்தில் எங்கள் கச்சேரியைக் கேட்ட புதுச்சேரிக்காரர்களே நம்பமாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மைக்செட்காரர் கட்டும் கூம்பு ஸ்பீக்கரில் பாடகர் குரல் கேட்கும், தபேலா கேட்கும், என் கிடாரின் அடிக்குரல் மட்டும் கேட்காது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் குழுவின் மாஸ்டர் ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "யாருக்குமே கேக்காத ஒண்ண எதுக்குப்பா வேன்ல ஏத்திக்கினு போறோம்? வர்ற கல்யாணக் கச்சேரியோட பேஸ நிறுத்திடலாம்."

எனக்குச் சுரீரென்றது. பகலெல்லாம் மில்லில் தறி ஓட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் விரல் தோல் உரிய உரியக் கற்றுக்கொண்ட வாத்தியம் அது. அந்தக் கல்யாணத்தில் என் சத்தம் கேட்டாக வேண்டும். இல்லையென்றால் குழுவில் எனக்கு இடமில்லை.

கிடாரைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸுக்குப் போனேன். கடைக்காரர் பளபளவென்று இரண்டு பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர்களை எடுத்து வைத்து, "எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க" என்றார். எல்லாரும் வாங்கினால் எனக்கென்ன? அடிக் கம்பியை மீட்டினேன், இரண்டும் இருமின. மூலையில் தூசி படிந்து கிடந்த ஒற்றைப் பதினைந்து இஞ்ச்தான் முனகாமல் தாங்கியது. அதையும், என் கிடாருக்கென்று தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயரையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஸ்பீக்கருக்குப் பெட்டி வேண்டும். பிளைவுட்டில் அடித்துத் தருகிறேன் என்றார் எங்கள் தெருத் தச்சர். பிளைவுட் உதறும். பிள்ளைச்சாவடிக்குப் போய், படகு கட்டுகிறவரிடம் கனமான பலகையில் செய்யச் சொன்னேன். காற்று புகக்கூடாது என்றதும் அவர் படகுக்குச் செய்வது போலவே இடுக்கெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தார். "இன்னாப்பா, பாட்டுக்குன்னு சொல்லிட்டு மீன் புடிக்கப் போறியா?" என்று அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிரிக்கட்டும். அப்படியொரு பெட்டி மெட்ராஸிலேயே கிடையாது.

கல்யாண வீடு ஒரு சொல்தாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் விருந்து முடிந்ததும் ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். மேடை என்பது காலித் தார் டிரம்கள் மேல் பரப்பிய பலகை. பெட்டியை அதில் வைத்து ஒரு தடவை மீட்டினேன். டிரம்களெல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். மில்லில் எந்த மெஷினையும் நாங்கள் பலகை மேல் நிறுத்தமாட்டோம், தரையில்தான் இறக்குவோம். அதே மாதிரி பெட்டியை இறக்கி, மேடைக்கு முன்னால் மண் தரையில், ஆடுபவர்களைப் பார்க்க வைத்தேன். ஆம்ப்ளிஃபயரில் கீச்சுச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன்.

கச்சேரி ஆரம்பித்தது. பெட்டிக்குப் பின்னால், உயரத்தில் நின்ற மாஸ்டருக்கு என் கிடார் கேட்கவில்லை. "நான் சொன்னேன்ல? நிறுத்துப்பா, நிறுத்து!" என்று பாட்டின் நடுவிலேயே கையைக் காட்டினார். வந்த ஆத்திரத்தில் டக்கென்று நிறுத்தினேன்.

கீழே ஆட்டமும் நின்றுவிட்டது. பாடகர் பாடிக்கொண்டுதான் இருந்தார், தபேலாவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு கால்கூட நகரவில்லை. பெண்ணின் அப்பா, அந்தச் சொல்தா, மேடையைப் பார்த்துக் கத்தினார்: "மெஸ்யே, இன்னா ஆச்சு? கீழ கால்ல அடிச்சிக்கினு இருந்துச்சே, அது எங்க போச்சு?"

மாஸ்டர் இறங்கிப் போய்ப் பெட்டிக்கு எதிரே நின்றார். வாசி என்று தலையை அசைத்தார். வாசித்தேன். அவருடைய கை தானாகப் போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. சுற்றிலும் ஜோடிகள் மறுபடி ஆடத் தொடங்கின. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைப்பானேன்?

மாஸ்டர் மேடை ஏறி நேராக என்னிடம் வந்தார். "இனிமே நானே நிறுத்தச் சொன்னாலும் நீ நிறுத்தாத" என்றார்.