லாரன்ஸின் வண்டி நடுவில் ஒருமுறை நிற்கும்

செய்தி வந்தபோது நான் மணலி சாலையில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தேன். நம் ரிமோட் கார் குழு முபாரக்தான் போனில் சொன்னார். "கடை ஷட்டர தூக்கசொல்லோ நெஞ்ச புடிச்சிகினு குந்திட்டான் சார் நம்ம லாரன்ஸ். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு." சரி என்று மட்டும் சொன்னேன். லாரி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். இந்த வயதில் இப்படிப்பட்ட செய்திகளுக்கு வேறு எதுவும் சொல்ல வருவதில்லை.

எர்ணாவூர் மைதானத்தில் ஞாயிறுதோறும் ரிமோட் கார் ஓட்டும் உங்களுக்கு அவனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்தில் பிறந்தவன், திருவொற்றியூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான். வாரமெல்லாம் இன்வெர்ட்டர் பேட்டரி விற்றுவிட்டு, பந்தயத்துக்கு மட்டும் பேட்டரி வண்டியைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தவன். நைட்ரோ எரிபொருள் ஊற்றி ஓட்டுகிற வண்டிதான் அவனுக்கு வண்டி. "சத்தம் இல்ல, புகை இல்ல. அத்த ஓட்றதுக்கு வூட்ல டேபிள் ஃபேன் சுத்தறத பாத்துகினு இருக்கலாம்" என்பான்.

அந்த நைட்ரோ வண்டியில் ஒரு தொல்லை உண்டு. டேங்க் சின்னது, நீண்ட பந்தயத்தில் நடுநடுவே தீர்ந்துவிடும். ஓட்டுகிறவன் மேடையில் ரிமோட்டோடு நிற்பான். கீழே ஓர் ஆள் வண்டியைத் தூக்கி, மூடியைத் திறந்து, பாட்டிலால் பீய்ச்சி நிரப்பி, மறுபடி தரையில் விட வேண்டும். லாரன்ஸுக்கு அந்த ஆள் நான்.

என் மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுவது பெரும்பாடாக இருந்தது. மற்ற நாட்களுக்குக் கண்டெய்னர் யார்டு வேலை இருந்தது. ஞாயிறன்று வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பல்பு வாங்கப் போன என்னை லாரன்ஸ்தான் மைதானத்துக்கு இழுத்துப் போனான். "சும்மா வந்து நில்லு மாமு" என்றான். சும்மா நிற்க எனக்கு வராது, கிளம்புகிறேன் என்றேன். உடனே எரிபொருள் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டான்.

ஒருமுறை அவசரத்தில் சூடான எஞ்சினைத் தொட்டு விரலைப் பொசுக்கிக்கொண்டேன். வண்டியை எப்படியோ தரையில் விட்டுவிட்டு "அய்யோ" என்று கத்தினேன். பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லாரன்ஸ் ரிமோட்டை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்து என் விரலில் தண்ணீர் ஊற்றினான். வண்டி என்னாயிற்று என்று கேட்டேன். "அது இன்னா, எங்கியாவது முட்டிகினு நிக்கும். நீ கைய காட்டு." வண்டி டயர் அடுக்கில் மோதிக் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தூக்க அவனுக்கு அவசரமே இல்லை.

போன வருஷம் மைதானத்தை ஒட்டிய குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குழந்தை இருமிக்கொண்டிருந்தது. "மணலி கம்பெனி புகை பத்தாதா? உங்க பொம்ம வண்டி புகை வேற நாங்க துன்னணுமா?" லாரன்ஸ் மேடையிலிருந்து இறங்கி வந்தான். எஞ்சினை அவனே அணைத்தான்.

அதற்குப் பிறகு இனி பேட்டரி வண்டி மட்டும்தான் என்று கூடிப் பேசி முடிவு செய்தீர்கள். எனக்கு அன்று ஷிஃப்ட், வரவில்லை. லாரன்ஸ் ஒன்று மாற வேண்டும், இல்லை விட வேண்டும். விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். மாறினாலும் எனக்கு வேலையில்லை. பேட்டரி வண்டி ஒரு சார்ஜில் பந்தயம் முழுக்க ஓடும். கீழே ஆள் எதற்கு? மறுபடியும் சுவர்தான் என்று மனசைத் தயார் செய்துகொண்டேன்.

அந்த ஞாயிறே வந்து ஹாரன் அடித்தான். "வா மாமு, பேட்டரி மாத்த ஆளு வேணும்."

அவன் பேட்டரி வண்டி ஓட்டிய லட்சணம் உங்களுக்குத் தெரியும். சத்தத்தை வைத்தே ஓட்டிப் பழகியவன், சத்தமில்லாத வண்டியை எல்லா வளைவிலும் முட்டினான். அது போதாதென்று ஒவ்வொரு பந்தயத்திலும் நடுவில் வண்டியை நிறுத்தினான். நான் பட்டையை அவிழ்த்து, பேட்டரியை உருவி, இன்னொன்றை மாட்டுவேன். அதற்குள் மற்ற எல்லோரும் தாண்டிப் போயிருப்பார்கள். கழற்றியதைச் சார்ஜரில் போட்டால் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். "எதுக்குய்யா மாத்தற? தோத்துகினே கீறியே" என்று கத்துவேன். "பழக்கம் மாமு. நிறுத்தாம ஓட்ட எனக்கு வரல" என்பான். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது முபாரக் சொன்னார். "மீட்டிங்ல ஒரே ஒரு ரூல் கேட்டான் சார். நடுவுல ஒரு தபா எல்லாரும் பேட்டரி மாத்தணும்னான். எதுக்குடான்னேன். 'அந்தாளு சும்மா வந்து நிக்க மாட்டாரு. வூட்ல குந்திகினு இன்னா பண்ணுவாரு?'ன்னான். யாரும் ஒத்துக்கல. அப்போ நான் மட்டும் மாத்திக்கறேன்னுட்டான்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவன் மேல் கோபம். சொல்லியிருந்தால் நான் வந்திருக்கமாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உடைந்துபோனேன்.

கடைசி ஞாயிறு கழற்றிய பேட்டரி என் பையிலேயே வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீங்களே வெச்சிக்கோங்கண்ணா, அது உங்களுக்குன்னுதான கழட்டனது" என்றார் அவன் மனைவி ஸ்டெல்லா. அவருக்கும் தெரிந்திருக்கிறது. பேட்டரியை மேசை மேல் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது. ஏற்றவும் மனமில்லை, இறக்கவும் மனமில்லை. லாரன்ஸிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுதான்.

வரும் ஞாயிறு மைதானத்துக்கு வருகிறேன். உங்களில் யாராவது ஒருவர், நடுவில் ஒரு தடவை வண்டியை நிறுத்துங்கள்.