ஆயில் பிரேக்கும் ஒரு ஜோடி சேஃப்டி ஷூவும்

சைக்கிள் கடைக்காரனுக்கு ஓடாத வண்டியால் தூக்கம் கெடாது, நிற்காத வண்டியால்தான் கெடும். ஒரகடத்தில் எனக்குப் பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. பிரேக்கைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்த சக மெக்கானிக்குகளே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

கம்பிக் கட்சி

பிள்ளைப்பாக்கம் டில்லிபாபு, ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அவர் சைக்கிளில் கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக். மாதம் ஒருமுறை கம்பி தளர்ந்துவிட்டது என்று வருவார். நான் ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும். "ஆயில் பிரேக் போட்டா இந்தத் தொல்லை இல்லண்ணா" என்றேன் ஒருநாள்.

"கம்பி லூசானா கண்ணுக்குத் தெரியுதுபா. உன் ஆயிலு உள்ள இன்னா பண்ணிக்கினு கீதுன்னு யாருக்குத் தெரியும்?"

சும்மா இருக்காத கை

இசக்கிமுத்து திருநெல்வேலிக்காரன். கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், சேரப்பணஞ்சேரியில் ரூம். அவனுடையது ஆயில் பிரேக். கம்பிக்குப் பதில் குழாய்க்குள் இருக்கும் ஆயில்தான் டிஸ்கைக் கவ்வும் பேடுகளை அமுக்கும். பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றிய நான், பழக்கதோஷத்தில் பிரேக்கை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டேன். கம்பி பிரேக் என்றால் கையை எடுத்ததும் விரிந்துகொள்ளும். இதில் இரண்டு பேடும் கட்டிப்பிடித்துக்கொண்டு சக்கரத்தை உள்ளே விடவில்லை. நெம்பிப் பிரித்து, போனில் வீடியோ பார்த்து, அதில் சொன்னபடி ஆயிலையும் மாற்றி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஆயில் மாற்றுவது அதுதான் முதல்முறை என்று அவனிடம் நான் சொல்லவில்லை.

"எண்ணே, எங்க லைன்ல மிஷின் தொறந்து கெடந்தா ஒருத்தனும் சுவிட்ச தொட மாட்டான். நீங்க ஏம்ணே தொட்டிய?"

மேம்பாலத்து இறக்கம்

இரண்டாம் நாள் காலை அவனிடமிருந்து போன். "பிரேக்கே பிடிக்கலண்ணே. மேம்பாலத்து எறக்கத்துல, முன்னால கன்டெய்னர் லாரி..." அத்தோடு கட். திரும்ப அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். ஆயில் மாற்றும்போது உள்ளே காற்றை விட்டுவிட்டேனோ, காற்று புகுந்தால் பிரேக் பிடிக்காதே என்று கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டில்லிபாபு கேட்டது வேறு காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அரை மணி கழித்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. போனில் சார்ஜ் தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ இரண்டையும் ரோட்டில் தேய்த்தே, லாரிக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தியிருக்கிறான். பிரேக்கை அமுக்கிப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது, உள்ளே காற்று இல்லை. டிஸ்கைத் தொட்டேன், விரல் வழுக்கியது. தட்டு முழுக்க எண்ணெய், அதுவும் நான் ஊற்றிய ஆயில் இல்லை. அவன் பிழைத்தது பாதி நிம்மதி, தப்பு என்னுடையது இல்லை என்பது மீதி. எது பெரிய பாதி என்று கேட்காதீர்கள். "இதுல எப்படிடா எண்ணெய்?" என்றேன்.

"கீச்சு கீச்சுன்னு கத்துச்சுண்ணே. கம்பெனில எது கத்துனாலும் நாங்க மொதல்ல ஆயில்தான் அடிப்போம்."

அன்றிலிருந்து டிஸ்க் பிரேக்கோடு யார் வந்தாலும், வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் கம்பெனியில் என்ன வேலை என்று விசாரித்துவிடுகிறேன்.