படையில் இல்லாத பெயர்

அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் சூடான தூசி வாசம்தான் வரும். மஸ்கெலியாக் குளிருக்கு அதன் முதுகில் கை வைத்துக் காய்ந்துகொண்டே, திரையில் கோட்டை வரும்வரை காத்திருப்பேன். கொழும்பில் கம்ப்யூட்டர் கடையொன்றில் வேலைக்கிருந்த சித்தப்பா, என் படிப்புக்கென்று தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குத் தூக்கிவந்த பெட்டி அது. படித்தேனா? எங்கே! அதற்குள் கிடந்த ஒரு விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. குள்ளர்கள் மலையைக் குடைந்து கோட்டை கட்டுவார்கள். எதிரிகள் வந்து அழிப்பார்கள். படை திரட்டிக் காப்பாற்ற வேண்டியவள் நான்.

படை நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. எல்லாரையும் படையில் சேர்த்தால் பயிரிடவும் சமைக்கவும் ஆளிருக்காது. சேர்க்காவிட்டால் ஒரே முற்றுகையில் கோட்டை காலி. எதிரி வருகிறான் என்று வாசலை அடைத்தால், வெளியே போனவன் மாட்டிக்கொள்வான். அவன் ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே அடைத்திருக்கிறேன், பாவி. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே முறையைக் கைக்கொண்டேன்: தோட்டத்துப் "பெரட்டு". காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலை மலையாகப் பிரித்து அனுப்புவார்களே, அதேதான். ஒரு கொப்பியில் படை படையாகப் பிரித்து, படைக்கொரு கங்காணியை வைத்து, யாருக்குக் கோடரி, யாருக்கு ஈட்டி, யாருக்கு எந்த வாசல் காவல் என்று எழுதினேன். குள்ளர்களின் பெயர் வாயில் நுழையவில்லை. எங்கள் லயத்து ஆம்பிளைகளின் பெயரையே வைத்துவிட்டேன். தேயிலைச் செடியைக் "கவ்வாத்து" வெட்டுகிற கைகளாயிற்றே, கோடரி பிடிக்காதா?

கவ்வாத்தில் எங்கள் டிவிசனிலேயே கெட்டிக்காரர் அப்பா. அவர் பெயரை மட்டும் எழுதவில்லை. படையில் சேர்ந்தவர்கள் செத்துப்போனார்கள். பக்கத்து வீட்டு முருகையா மாமா இரண்டு தடவை செத்தார். விளையாட்டில்கூட அப்பா சாவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

யுத்தம் மும்முரமாக நடந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சீருடைக்காரர்கள் லயத்தைச் சுற்றிவளைத்துச் சோதனை போட்டார்கள். ஆண்களெல்லாம் அடையாள அட்டையோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். என் புத்தகப் பையிலிருந்து கொப்பி வெளியே வந்தது. தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு ஒவ்வொரு பெயராக வாசித்தார். வாசிக்க வாசிக்க, வரிசையில் ஒவ்வொருவராக "நான்தாங்க" என்று கை தூக்கினார்கள், பெரட்டில் தூக்குவதுபோலவே. ஐயோ, என் படை!

கடைசியில் அவர் அப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"எல்லார் பேரும் இருக்கு. ஒங்க பேர் மட்டும் இல்ல. அப்ப நீங்கதானே இத எழுதினது?"

அப்பா கொப்பியைப் பார்த்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? விளையாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். என் தோளைப் பிடித்திருந்த அம்மாவின் நகம் சதையில் இறங்கியது.

"ஆமாங்க சார், நான்தாங்க எழுதினேன். இவங்களுக்கு ஒன்னுமே தெரியாதுங்க," என்றார் அப்பா.

அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள். சோறு இறங்கவில்லை, ரோட்டில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வேன். கொழும்பிலிருந்து ஓடிவந்த சித்தப்பா உலுக்கிக் கேட்டபோதுதான் வாய் திறந்தேன். அவர் அந்தப் பெட்டியையே முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போய், விளையாட்டைப் போட்டு, அதே பெயர்கள் திரையில் நடமாடுவதைக் காட்டிய பிறகுதான் அப்பாவை விட்டார்கள்.

வந்த அன்று அவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, மெல்லக் கேட்டார்:

"ஏன் தாயி, எல்லாரையும் சேத்திருக்க, அப்பாவ மட்டும் விட்டுட்டியே? நான் சண்டைக்கு லாயக்கில்லன்னு நெனச்சிட்டியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேட்டார். நான் அவர் மடியில் முகத்தைப் புதைத்து அழுதேன். "சரி, விடு விடு" என்று தலையைத் தடவினார்.

இன்று ஹட்டன் ரோட்டில் சோதனைச் சாவடி இல்லை. அந்தப் பெட்டி திரும்பி வரவேயில்லை. எங்கள் பழைய லயத்தையும் இடித்துவிட்டார்கள். அப்பா போய் நாலு வருசமாகிறது. பயத்தில்தான் எழுதவில்லையப்பா என்று சொல்ல எனக்கு எத்தனையோ வருசம் இருந்தது. நான் சொல்லவேயில்லை, அவரும் மறுபடி கேட்கவில்லை.