கோணல் மூடியும் ஒரு சாதாரண ஆளும்

தைவானில் லூகாங் ஊருக்குப் போய் சாய் முஷெங்கை விசாரித்தால், "எந்த முஷெங்? 'எனக்கு அப்பவே தெரியும்' முஷெங்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மாஜு அம்மன் கோயில் வாசலில் சாயங்காலத் தேநீர்க் கூட்டத்தில் எந்தச் சேதி வந்து விழுந்தாலும், அது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். புயல் திசை மாறிவிட்டதா? அப்பவே தெரியும். எதிர்வீட்டுக் கல்யாணம் நின்றுவிட்டதா? அப்பவே தெரியும். தெரிந்ததை ஏனய்யா நேற்றே சொல்லவில்லை என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், தேநீர் ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிடுவார்.

மற்றபடி நல்ல மனிதர். வேலையில் கெட்டிக்காரர். கே தியன்ஃபா முதலாளியின் பட்டறையில் வாலிபத்திலிருந்தே லேத்தில் நின்று, சுழலும் தகட்டை அழுத்தி அழுத்தி ஆவிச்சட்டிக்கு மூடி செய்தார். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. புதிதாக ஒன்றை யோசித்தார் என்று அவருடைய எதிரிகள்கூட அவர்மேல் பழி சொன்னதில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முடிந்த மூடியை மல்லாத்தி வைத்து உள்ளே ஒரு கோலிக்குண்டை உருட்டிவிடுவார்கள். குண்டு நடு மையத்தில் வந்து நின்றால் மூடி தேறியது. கொஞ்சம் ஓரமாக நின்றாலும் அது பழைய இரும்புக் குவியலுக்குப் போய்விடும். முஷெங்கின் மூடியில் குண்டு ஒரு நாளும் ஓரத்தில் நின்றதில்லை. அந்தக் குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிவார்.

அவர் மனைவி ஷி பாவ்யுன் காலைச் சந்தையில் ஆவி பன் விற்பவள். இங்கேதான் வம்பு ஆரம்பித்தது. புருஷன் மையம் பிசகாமல் செய்துகொடுத்த மூடியின் உள்பக்கம் ஆவி குளிர்ந்து தண்ணீராகி, நட்ட நடுவிலிருந்து சொட்டும். சொட்டிய இடத்தில் பன் மஞ்சளாகிக் குழி விழும். "என்னக்கா, பன்னுக்கு அம்மை போட்டிருக்கு" என்று வாடிக்கைக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள். ஊரில் எல்லா பன் கடைக்காரர்களும் மூடிக்கு உள்ளே துணி கட்டித்தான் சமாளித்தார்கள். அந்த ஈரத்துணியைத் துவைத்துத் துவைத்தே பாவ்யுன்னுக்குக் கை வெளுத்துப்போனது.

ஒரு மழைநாளில் கடை மேசையின் கால் சேற்றில் புதைந்து சட்டி சாய்ந்து நின்றது. அன்றைக்குப் பார்த்தால், பள்ளத்துப் பக்கம் ஓரமாக இருந்த பன்கள் மட்டும்தான் நனைந்திருந்தன. மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்தது. அவள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"ஏங்க, மூடியையே ஒரு பக்கம் ஒசத்தி, ஒரு பக்கம் தாழ்த்திச் செஞ்சா என்ன? தண்ணி பூரா ஒரே பக்கமா வழிஞ்சு வந்துடும். அந்த ஓரத்துல சின்னதா ஒரு வாய்க்கால் வெச்சுட்டா பன்னு மேல சொட்டாதில்ல?"

முஷெங் சட்டைப்பையிலிருந்து குண்டை எடுத்துக் காட்டினார். "இது எங்க போய் நிக்கும் சொல்லு? ஓரத்துல! அதுக்குப் பேரு மூடி இல்ல பாவ்யுன், கழுத்து சுளுக்கினது. இத்தனை வருஷமா மூடி செய்யறேன். அப்படி ஒண்ணு நடக்கும்னா எனக்குத் தோணியிருக்காதா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். யோசனையை மூடவில்லை. பழைய மூடி ஒன்றைப் பூரிக்கட்டையாலேயே அடித்துச் சாய்த்து வீட்டுக்குள் வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. அவளிடம் தினமும் பன் வாங்கும் லியாவ் என்ற பெண் காப்புரிமை வக்கீல். "அக்கா, இதை வெளியில யார் கண்ணுலயும் காட்டாதீங்க. முதல்ல விண்ணப்பம் போட்டுடலாம்" என்று அவள்தான் எழுதிப் போட்டாள். பக்கத்து ஊரில் தகடு அழுத்தும் பிரஸ் பட்டறைக்காரர் ஒருவர் மூடியைச் செய்துதர ஒப்புக்கொண்டார்.

இந்த விஷயத்தைத் தன் பட்டறையில் போய்ச் சொல்லிச் சிரிக்காவிட்டால் முஷெங்குக்குச் சோறு இறங்குமா?

அந்த வருஷக் கடைசி விருந்து வந்தது. முதலாளி செலவில், வேலையாட்கள் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டு, மேடையேறிக் கூத்தடிக்கும் விருந்து. முஷெங் மனைவியின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கோணலாக அடித்த மூடி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்தபடி மேடையில் வந்தார். "பன்னு வாங்குங்க, பன்னு! மூடியும் கோணல், புத்தியும் கோணல், காப்புரிமை மட்டும் நேரா வரும்!" என்று பெண் குரலில் கத்தினார். சிரிப்பில் மேசைகள் ஆடின. கே முதலாளி மைக்கைப் பிடுங்கி, "இந்த மாதிரி மூடியை எவனாவது செய்யறான்னா சொல்லுங்க! நானே அவனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில சேர்த்து விடறேன்!" என்றார். முஷெங்குக்கு முதல் பரிசு, ஒரு ரைஸ் குக்கர்.

பாவ்யுன் குடும்ப மேசையில் உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். முள்ளெல்லாம் தீர்ந்த பிறகும் எடுத்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால் முஷெங்குக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அந்த விருந்தைப் பற்றிய பேச்சையே அதோடு விட்டுவிட்டாள்.

அப்புறம் காப்புரிமை வந்தது, கோணல் மூடியும் கடைக்கு வந்தது. சந்தையில் ஒருத்தி வாங்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவள் வாங்கினாள். தைச்சுங் நகரம் வரைக்கும் பன் கடைகளில் துணி அவிழ்ந்தது. கே முதலாளியின் நேர் மூடிகள் கிடங்கில் தேங்கின. ஒருநாள் அவர் முஷெங்கைக் கூப்பிட்டு, லேத்தை நிறுத்திவிட்டுக் கோணல் மூடி அடிக்கச் சொன்னார்.

"முதலாளி, அது என் வீட்டுக்காரியோடது."

"என்னய்யா வீட்டுக்காரியோடது? தண்ணி பள்ளத்துக்கு ஓடும்னு உன் வீட்டுக்காரிதான் கண்டுபிடிச்சாளா? பச்சைக் குழந்தைக்குத் தெரியுமே!"

முஷெங் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதுவரை அவர் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதை ஊரே மெச்சியது. மெச்சினால் அவருக்குத் தலை நிற்குமா? கோயில் வாசலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். "அந்த மூடி என்ன புதுசா? எனக்கு அப்பவே தெரியும். ரொம்ப நாளா மனசுல இருந்ததுதான். லேத்தை விட்டு நகர நேரமில்லாம விட்டுட்டேன்."

கே முதலாளி வேறு ஆளை வைத்து அதே மூடியை அடித்து விற்க, பாவ்யுன் அவர்மேல் வழக்குப் போட்டாள். பான்ச்சியாவிலிருக்கும் அறிவுசார் சொத்து நீதிமன்றத்தில் முதலாளியின் வக்கீல் ஒரே அடியாக அடித்தார். மூடி புதிதாகவே இருக்கட்டும், ஆனால் இது தொழிலில் சாதாரணத் திறமை உள்ள எவருக்கும் சுலபமாகத் தோன்றக்கூடியது. ஆகவே காப்புரிமையே செல்லாது என்றார்.

"யாரும்மா அந்தச் சாதாரண ஆளு?" என்று பாவ்யுன் லியாவிடம் கேட்டாள்.

"அப்படி ஒருத்தர் நிஜத்துல கிடையாதுக்கா. சட்டத்துல மட்டும் இருக்காரு. அந்தத் தொழில்ல தெரிய வேண்டியதெல்லாம் அவருக்குத் தெரியும். கைவேலை சுத்தம். ஆனா சொந்தமா ஒரு பொறி தட்டாது. அப்பேர்ப்பட்ட ஆளுக்கே இது தோணியிருக்கும்னு கோர்ட்டு நெனச்சா, நமக்குக் காப்புரிமை போச்சு."

பாவ்யுன் மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "கிடையாதுன்னு ஏன் சொல்றே? நம்ம வீட்லயே இருக்காரே."

முஷெங்குக்குச் சுருக்கென்றது. அவள் அதோடு விடாமல் சொன்னாள்: "வியாபாரம் போனா போவுது, லியாவ். பன்னு வித்துப் பொழைச்சுக்குவேன். 'இதை எவனும் யோசிச்சிருப்பான்'னு எழுதி முத்திரை குத்திக் கையில குடுப்பாங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியாது."

முதல் விசாரணையில் கே முதலாளியின் வக்கீல், ஒற்றைச் சாய்ப்புக் கூரையின் படத்தையும் அதன் ஓரத்துத் தகரவாய்க்காலையும் காட்டினார். "கூரையை எடுத்துச் சட்டிமேல் வைத்தால் தீர்ந்தது" என்றார். பிறகு ஒரு சாட்சியைக் கூப்பிட்டார். வந்து நின்றது யார் தெரியுமா? முஷெங்கோடு தினமும் தேநீர் குடிக்கும் ஆலியாங்.

"முஷெங் அண்ணன் வாயாலேயே சொன்னாருங்க. அந்த மூடி ரொம்ப நாளா அவர் மனசுல இருந்ததாம்."

"கேட்டீர்களா?" என்றார் வக்கீல். "மனைவிக்கும் தோன்றியிருக்கிறது, கணவருக்கும் தோன்றியிருக்கிறது. லேத்தில் நிற்கிற எவருக்கும் தோன்றும்."

திரும்பி வரும் ரயிலில் பாவ்யுன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. முஷெங் தன் பங்குப் பன்றிக்கறித் துண்டை எடுத்து அவள் பெட்டிமேல் வைத்துப் பார்த்தார். அதுவும் ஆறிப்போனது. தன் வாயால்தான் தன் வீட்டுக்காரியின் பேர் கெட்டது என்று அவருக்குப் புரிந்தது. ஊரில் இறங்கியதும் நேரே லியாவின் அலுவலகத்துக்குப் போய், செல்போனை மேசைமேல் வைத்தார். பட்டறை ஆட்கள் அன்றைக்கே குழுவில் போட்டுச் சிரித்த விருந்து வீடியோ அதில் ஓடியது.

"இதைக் கோர்ட்டுல போடும்மா."

லியாவ் பார்த்தாள். முதலில் சிரித்தாள், அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அண்ணே, இதைப் போட்டா உங்க மானம் போயிடுமே?"

"அது போகட்டும். அவளோடது நிக்கட்டும்."

அடுத்த விசாரணையில் பெரிய திரையில் வீடியோ ஓடியது. மூன்று நீதிபதிகளும் பார்த்தார்கள். ஏப்ரனைப் பார்த்தார்கள், கழுத்துச் சாய்ந்த நடையைப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறேன் என்று கே முதலாளி முழங்கியதைக் கேட்டார்கள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாவ்யுன் மட்டும் திரையைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது விளையாட்டுக்குச் சொன்னது" என்றார் முதலாளியின் வக்கீல்.

"விளையாட்டாவே இருக்கட்டும்" என்று எழுந்தாள் லியாவ். "இன்னிக்கு இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்கறாங்க. அன்னிக்கு அந்த ஹால் நிறைய இருந்தது மூடி செய்யறவங்கதான். எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதின்னா இவ்வளவு சிரிப்பு எதுக்கு வந்தது?"

தலைமை நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "தலையில மூடி வெச்சிருக்கறது யாரு?"

"நான்தாங்கம்மா." முஷெங் எழுந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"இந்த யோசனை உங்களுக்கு முன்னாடியே வந்ததுன்னு சாட்சி சொல்லியிருக்காரு. வந்ததா?"

முஷெங் வாயைத் திறந்தார். அவருடைய அருமையான வாக்கியம் நுனிநாக்கு வரைக்கும் வந்து நின்றது. சட்டைப்பையில் கோலிக்குண்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"வரலீங்க. ஆலியாங்கிட்ட சொன்னது வெறும் பீத்தல். வாழ்நாள் பூரா மூடி செஞ்சேன். என் மூடியிலேருந்து சொட்டின தண்ணியாலதான் என் வீட்டுக்காரி தினம் பன்னைத் தூக்கிப் போட்டா. என் கண்ணு முன்னாடியே துணி துவைச்சா. அப்பவும் எனக்கு ஒண்ணும் தோணலை. அவ வந்து சொன்னப்புறம்கூட எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணுதான். சிரிக்கணும்னு." குண்டைப் பையிலேயே விட்டுவிட்டுச் சொன்னார்: "நான் ரொம்பச் சாதாரண ஆளுங்கம்மா."

பாவ்யுன் அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

திரும்பும் ரயில் பாதி தூரம் வந்தது. அப்புறம் அவளே ஆரம்பித்தாள். "அந்தப் பூப்போட்ட ஏப்ரன் என்னோடதுதானே?"

"ஆமா."

"எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா? கிழிச்சுட்டீங்களா?"

"பட்டறையிலேயே விட்டுட்டேன்" என்றார். சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்து, அவரிடம் கேட்காமலே அவருடைய கறித்துண்டையும் எடுத்து அவள் சாப்பிட்டுவிட்டாள்.

தீர்ப்பு பாவ்யுன் பக்கம் வந்தது. தொழில் தெரிந்தவர்களே நகைத்து ஒதுக்கிய ஒன்றை, பின்னால் பார்த்துவிட்டு எளிது என்று சொல்வது பொருந்தாது என்று அதில் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு அவள் கடைக்கு வந்த எல்லாருக்கும் அந்த வரியைப் படித்துக் காட்டினாள். கேட்காதவர்களுக்கும் படித்தாள்.

முஷெங்குக்கு ஊரில் புதுப் பெயர் வந்துவிட்டது. 'சாதாரண அண்ணே'. யாருக்காவது புது யோசனை வந்தால் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து அவரிடம் காட்டுகிறார்கள். அவர் சிரித்துவிட்டால், "போட்றா விண்ணப்பத்தை!" என்று ஆலியாங் கத்துகிறான். ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "அப்பவே தெரியுமாண்ணே?" என்று முந்திக்கொள்கிறார்கள். அவர் தேநீரைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருக்கப் பழகிவருகிறார். அது லேத் வேலையைவிடக் கஷ்டமாக இருக்கிறதாம்.

போன வாரம் பாவ்யுன் அடுப்படியிலிருந்து எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தாள். எடுத்து நீட்டினாள். ஆவிச்சட்டியின் தட்டு, ஆனால் நட்ட நடுவில் பன் ஒன்று உட்காருகிற அளவுக்குப் பெரிய ஓட்டை. முஷெங்குக்குத் தொண்டை வரைக்கும் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, சீரியஸாகத் தலையாட்டினார்.

அவள் முகம் வாடிவிட்டது. "ஏங்க, நல்லா இல்லையா?"

"நல்லாத்தானே இருக்கு..."

"அப்போ எவனுக்கும் தோணக்கூடியதுதானா?"

அவரால் அதற்குமேல் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாவ்யுன் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றாள். "இப்பத்தான் எனக்கு உசுரு வந்தது."