பாடு நேரம்

எங்கள் பள்ளியில் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருக்கிறது. பாட்டு டீச்சர் கிடையாது. உப்புக் காற்றில் துருத்தி இற்றுப்போய், அமுக்கினால் ஈளை இழுப்பதுபோல் ஒரு சத்தம் வரும். ஒரு சொல் தவறாகக் காதில் விழுந்ததால் எங்களிடம் வந்து சேர்ந்த பெட்டி அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முன்பு எங்கள் மாணவர் தலைவியாக இருந்த பெண்ணின் ஞாபகம் வரும், கூடவே ஓர் அலுப்பும்.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளே ஓட்டுப் போட்டு அவளைத் தலைவியாக்கினார்கள். வீடு திரேஸ்புரத்தில். அப்பா இரவில் வள்ளத்தில் போய் விடிந்த பிறகு கரையேறுவார். மீனை ஏலத்தில் விட அம்மா கரைக்கு ஓடுவாள். அவள் திரும்பும்வரை தொட்டில் தம்பிக்கு இவள்தான் துணை. வள்ளம் பிந்தினால் இவளும் பிந்துவாள். நாங்களோ ஒன்பது மணிக்கு வெளிக்கதவைப் பூட்டிவிடுவோம், அதற்குப் பெயர் ஒழுக்கம். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போகும் பிள்ளைகள் கொஞ்ச நாளில் வருவதையே விட்டுவிடுவார்கள். தனக்கும் அப்படி ஆகிவிடும் என்று அவள் பயந்தாள். அடுத்த தெருவில் ஒரு கட்டணப் பள்ளி உண்டு. அங்கே பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் பிந்தினால் மணியும் பிந்தித்தான் அடிக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்ல ஒரு நாள் வந்தது. பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்க ஓர் அதிகாரி வந்திருந்தார், கடலோரம் அறியாதவர். தலைவி எழுந்து, "சார், எங்களுக்குப் பாடு நேரம் விட்டுத் தரணும்" என்றாள். பாடு என்றால் எங்கள் கரையில் வலையில் விழும் மீன்; அது கரையேறும் நேரத்துக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்டாள். அவர் காதில் அது பாட்டாக விழுந்துவிட்டது. "பாட்டு நேரமா? நல்ல ஆசை!" என்று எல்லாரையும் கைதட்டச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அவர் கிளம்பும்போது பின்னாலேயே ஓடிப்போய் விளக்கினேன். "பதிவு பண்ணியாச்சு டீச்சர், இனிமே மாத்த முடியாது" என்றார்.

சில மாதம் கழித்து ஆர்மோனியம் வந்து இறங்கியது. தலைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் என்ன கேட்டேன், என்ன வந்திருக்கு பாருங்க டீச்சர்!" எனக்கு அழுகைதான் வந்தது. கதவு பழையபடி பூட்டிக்கொண்டே இருந்தது. பத்தாம் வகுப்பின் பாதியில் அவள் நின்றுவிட்டாள். இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறாள் என்றார்கள். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் பார்த்தேன். "பூட்டுன கதவுகிட்ட வந்து என்னத்துக்கு நிக்க டீச்சர்?" என்று கேட்டாள்.

இந்த வருடப் பெற்றோர் கூட்டத்துக்கு அவள் வந்தாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவாக. இப்போது ஏலத்துக்கு ஓடுவது அவள். அதிகாரி வேறு, கேள்வி அதேதான். மீன் கரையேறும் நேரத்தைப் பற்றி நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டு, "எழுதுனத வாசிங்க சார்" என்றாள். அவர் வாசித்தார்: "மீன் ஏலம் தொடர்பான கோரிக்கை. மீன்வளத் துறைக்கு அனுப்பப்படும்."

"இந்தத் தடவ பாட்டுப் பெட்டி வராது டீச்சர், வலை வரும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் அவரிடம், "அத அடிச்சிருங்க சார். கதவப் பூட்டாதீங்கன்னு மட்டும் எழுதுங்க. எம்பிள்ளையும் திரும்பிப் போவக் கூடாது" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

எழுதிக்கொண்டு போனார். உத்தரவு இன்னும் வரவில்லை. வரும் என்று நம்பிக் காத்திருக்கத் தெம்பும் இல்லை, எனக்கு ஓய்வு பெறும் காலம் நெருங்கிவிட்டது. இப்போதெல்லாம் காலையில் வந்ததும் அந்த ஆர்மோனியத்தை இழுத்துப் போய் வெளிக்கதவு சாத்தாதபடி அண்டை கொடுத்து வைத்துவிடுகிறேன். ஒன்பது மணிக்குக் காவலாளி அண்ணாச்சி பூட்டோடு வருவார். "அரசாங்கச் சாமான்லா டீச்சர், தள்ளி ஒடஞ்சா என் தலையில விடியும்" என்று முனகிக்கொண்டே நின்றுவிடுவார்.

ஏலம் முடித்து அம்மா கொண்டுவந்து விட, தலைவியின் மகள் பிந்தி உள்ளே ஓடும்போது துருத்தியை ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுப் போவாள். வகுப்பில் இருக்கும் எனக்கு அந்த ஈளைச் சத்தம் கேட்கும். கரையில் பாடு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.